"அந்தம்மாவுக்குக் கை சரியாயிருச்சாப்பா?"

போன ஆடி மாதம் என் மகன் கதிரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினாறு வயது. ஆனையூரில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பைக்கில் போய்ப் பறித்திருக்கிறார்கள். பறித்தவன் கூட்டாளி. பைக்கை ஓட்டியவன் என் மகன். அந்தம்மா ரோட்டில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது. கதிரைச் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள்.

நான் மினி பஸ் டிரைவர். அன்று வண்டியை எடுக்கவில்லை. திருப்பரங்குன்றம் போய் அழுதேன். "முருகா, எப்படியாவது என் பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடு." அவ்வளவுதான் வேண்டுதல். முதல் தடவை அவனைப் பார்த்தபோது காதோடு சொன்னேன்: "கூட்டாளி கூப்பிட்டான், போனேன், எதுக்குன்னு தெரியாதுன்னு சொல்லிரு." சாமியிடம் வேண்டிக்கொண்டே மகனுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் போனேன். வீட்டைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன்.

"அந்தம்மாவுக்குக் கை சரியாயிருச்சாப்பா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டா கேக்குற?"

அங்கே வாரம் ஒருநாள் நன்னெறி வகுப்பாம். திருடாதே, பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த டீச்சரோ ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்களால அடிபட்டவங்க அன்னைக்குச் சாயங்காலம் என்ன செஞ்சிருப்பாங்க? எழுதுங்க" என்றாராம்.

"ஆசுபத்திரிக்குப் போனாங்கன்னு எழுதுனேன்ப்பா. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க."

இது என்ன வகுப்பு? வண்டி ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை. அந்தம்மா என்ன செய்திருப்பார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வாரம் கோயிலுக்குப் போனபோது என்ன கேட்பதென்றே புரியவில்லை. "எது நல்லதோ அதைச் செய் முருகா. அந்தம்மா கையும் சரியாகணும்" என்று சொல்லிவிட்டு நேரே ஆனையூர் போய் அந்தம்மா இருக்கும் இடத்தை விசாரித்தேன்.

அந்தம்மா இட்லிக்கடை நடத்துகிறவர். கடை பூட்டிக் கிடந்தது. கையில் கட்டோடு வாசலில் நின்றார். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது.

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்ல வந்தீகளா?"

"இல்லம்மா. கை எப்படி இருக்குன்னு என் மகன் கேட்டுட்டு வரச் சொன்னான்."

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு ஆட்டி வச்ச மாவு அம்புட்டும் புளிச்சுப்போய்க் கொட்டுனோம். இப்ப எனக்குத் தலை சீவி விடுறதுகூட என் மகதான். போய்ச் சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன். கதிர் தலையைக் குனிந்தபடி கேட்டான். "எதுக்குப் போறோம்னு தெரிஞ்சுதான்ப்பா வண்டிய ஓட்டுனேன். அதைச் சொல்லிருறேன்" என்றான். நான் தடுக்கவில்லை.

இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் உண்மையைச் சொன்னான். இனி விடவே மாட்டார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லி, அவனை என்னோடு அனுப்பினார்கள். வெளியே வந்து ரோட்டோரமாக நின்று அழுதேன்.

இப்போது ஐடிஐ படிக்கிறான். அந்தம்மா மறுபடி கடை போட்டுவிட்டார். இவன் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை.

முருகன் எங்கள் இருவர் மனதையும் திருப்பிய பிறகுதான் அந்த இல்லத்தின் கதவைத் திறந்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம்பி முருகனிடம் போங்கள். பிள்ளைக்காக வேண்டும்போது, அவனால் அடிபட்டவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். எனக்கு அது தோன்றவே மூன்று வாரம் ஆனது.