நாற்பதாவது ஜோடி

என் மனைவிக்கு அவளுடைய அக்கா வைத்த பெயர் முக்கால். எதைத் தொடங்கினாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுவாள் என்பது அக்காவின் கட்சி. அது பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கை இல்லாத ஸ்வெட்டர் இருக்கிறது. சமையலறையில் மூன்று சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறாள், நான்காவது சுவரை ஃப்ரிட்ஜ் மறைத்துக்கொண்டு எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறது. நீச்சல் வகுப்பில் மூச்சடக்கக் கற்றாள், கை வீசக் கற்றாள், காலை உதைக்கும் பாடத்துக்கு முந்தின நாள் நின்றுவிட்டாள். கார் ஓட்ட நானே கற்றுக்கொடுத்தேன். ரிவர்ஸ் தவிர எல்லாம் தெரியும். எங்கே போனாலும் முன்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வீடு வந்து சேர்ந்துவிடுவாள்.

நான் டிரைவிங் ஸ்கூல்காரன். பதினாறு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துச் சம்பாதிக்கிறேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது வேகமாகப் பேசினால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இவளோடு குடித்தனம் நடத்தியதில் சோஃபா முன்னால் இருக்கும் கால்மிதியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

இவளுக்கு வேலை பல் டாக்டர் கிளினிக்கில், வரவேற்பு மேஜை. மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் அரை நாளில்தான் ஸ்வெட்டர், பெயிண்ட் எல்லாம் வந்தன. அந்த அரை நாளுக்குள் இந்தத் தடவை வந்து விழுந்தது நாற்பது ஜோடி ஷூ.

அவளுடைய அக்கா பதினெட்டு வருஷம் செருப்புக் கடை நடத்தியவள். கூட்டம் குறைந்துபோனதால் அதே இடத்தில் செல்போன் கடை போட முடிவு செய்து, இருந்த சரக்கையெல்லாம் தள்ளிவிட்டாள். ஒரே ஒரு ரகம் மட்டும் யாரும் சீண்டாமல் கிடந்தது. நீலத் துணி, மஞ்சள் லேஸ், பெண்கள் போடுவது. ஆறாம் நம்பரில் இருபது ஜோடி, ஏழாம் நம்பரில் இருபது.

இந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் செருப்பு விற்றாளே தவிர, அவளுக்கென்று ஒரு செருப்பு அமைந்ததில்லை. இடது குதிகாலில் எந்நேரமும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். "எல்லாக் கம்பெனிக்காரனும் இடது செருப்பை மட்டும் தூக்கத்துல தைக்கிறான்" என்பாள். அதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட மாட்டாள்.

"குப்பையில போடப் போறேன் மாப்ளே" என்றாள் என்னிடம், பெட்டிகளைக் காட்டி.

இவள் குறுக்கே விழுந்தாள். "அக்கா, என்கிட்ட குடு. ஆன்லைன்ல வித்துக் காட்டறேன். நாற்பதும்!"

"நாற்பதா? முப்பதோட நின்னுடுவேடி. அதானே முக்கால்?"

எல்லோரும் சிரித்தோம். இவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "உன் புதுக் கடை திறக்கிற நாளுக்குள்ள நாற்பதும் போகலன்னா முக்கால்னு கூப்பிடு, அரைன்னு கூப்பிடு, வாயே திறக்க மாட்டேன். போயிடுச்சுன்னா அந்தப் பேர் என் காதுல விழவே கூடாது."

வீட்டுக்கு வரும் வழியில் பின்சீட்டுப் பெட்டிகளைத் திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பத்தாறு வயசில் அந்தப் பெயர் அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக நானும் கூடச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே வேலை தொடங்கியது. போட்டோ எடுக்க வேண்டுமாம். எண்பது ஷூவையும் வெளியே எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சூரியகாந்திப் பூ மாதிரி அடுக்கினாள். கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் இவள்.

"என்னங்க, நல்லாப் பிடிச்சுக்கோங்க."

"கீழ இறங்கும்மா!"

"பிரேக் போடாதீங்க, கட்டில் ஆடுது."

படம் அருமையாக வந்தது. மூலையில் என் கால் கட்டைவிரலும் வந்திருந்தது. அப்போது கிளினிக்கிலிருந்து போன், யாரோ வரவில்லை, உடனே வா என்று. எண்பது ஷூவையும் இரண்டு பேரும் ஐந்தே நிமிஷத்தில் பெட்டிகளுக்குள் திணித்தோம். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏழாம் நம்பர் பக்கம் திணித்தவன் நான். இடம் பார், வலம் பார் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற நான்.

முதல் ஆர்டர் நான்காம் நாள் வந்தது. டிங் என்று ஒரு சத்தம்தான். இவள் கையிலிருந்த கரண்டியோடு ஹாலைச் சுற்றி, படுக்கையறையைச் சுற்றி, பால்கனியில் போய் எதிர்வீட்டு முடிதிருத்துகிறவரிடம் "வித்துடுச்சு!" என்று கத்திவிட்டு வந்தாள். அவருக்கு என்ன விற்றது என்று தெரியாது. ஆனாலும் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். பெட்டியைச் சுற்றிப் பதினைந்து சுற்று டேப் ஒட்டினாள். வாங்கியவர் நாலு ஸ்டார் போட்டு, 'ஷூ நன்று, பிரிக்கக் கத்தி உடைந்தது' என்று எழுதினார். அதை எனக்கு ஆறு தடவை வாசித்துக் காட்டினாள்.

அப்புறம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து, எட்டு, பதிமூன்று. பல் டாக்டர் பஞ்சு கேட்டால் டேப்பை நீட்டினாள். ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாவியையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். பூட்டிய கதவுக்கு வெளியே நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, அதை வாங்கிய உள்ளூர்க்காரரிடமிருந்து செய்தி வந்தது: 'ஷூ சரி. இது யார் வீட்டுச் சாவி?' அது புகாராகப் பதிவாகிவிட்டது. படத்தில் இருந்த நீலம் வேறு, வந்த நீலம் வேறு என்று இன்னொருவர் புகார் போட்டார். ஆன்லைன் விற்பனைத் தளத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. புது விற்பனையாளருக்கு மூன்றாவது புகார் வந்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

இவள் பயந்துபோனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியையும் உலுக்கிப் பார்த்தே அனுப்பினாள், சாவிச் சத்தம் வருகிறதா என்று. உள்ளே இருக்கும் நம்பரை மட்டும் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முப்பதாவது ஜோடி ஒரு பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணுக்குப் போனது. ஐந்து நாள் கழித்து, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இவள் போனில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. திறக்காமலே முதல் வரி தெரிந்தது: 'ஏழாம் நம்பர் கேட்டேன். இடது ஆறு, வலது ஏழு வந்திருக்கிறது.'

இவள் போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டாள். உள்ளே போய் மீதி இருந்த பத்துப் பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"முப்பதுங்க" என்றாள் என் பக்கம் திரும்பாமல். "அக்கா கரெக்டா சொன்னா பாருங்க. சொல்லி வச்ச மாதிரி முப்பது."

"முழுசாப் படிச்சியா நீ?"

"என்ன படிக்கிறது? மூணாவது புகார். முடிஞ்சுது."

"இதையும் முக்கால்தானே படிச்சிருக்கே?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை முறைத்தாள். ஆனால் டிராயரைத் திறந்தாள். படிக்கத் தைரியம் இல்லாமல் போனை என்னிடம் நீட்டினாள், நான் சத்தமாக வாசித்தேன்.

'ஏழாம் நம்பர் கேட்டேன். இடது ஆறு, வலது ஏழு வந்திருக்கிறது. எனக்குப் பிறந்ததிலிருந்து வலது கால் பெரியது. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. இத்தனை வருஷமாக இடது ஷூவுக்குள் பஞ்சு அடைத்துத்தான் போடுகிறேன். நேற்றுதான் முதல் தடவை இரண்டு காலும் சேர்ந்து நடந்தன. இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?'

கீழே ஐந்து ஸ்டார்.

இவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் உலுக்கினாள். என் கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியும் வண்டி நிற்கவில்லை.

அந்த ஐந்து ஸ்டாரைப் பார்த்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். பத்துப் பெட்டியையும் இழுத்து நம்பர் சரிபார்த்ததில் ஒன்பது ஒழுங்காக இருந்தன. அந்த ஒன்பதும் இரண்டே வாரத்தில் போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. மேலே ஆறு என்று எழுதிய பெட்டி, உள்ளே இடது ஏழு, வலது ஆறு. பேக்கரிப் பெண்ணுக்குப் போன ஜோடியின் மறுபாதி.

'இடது கால் பெரிதாக உள்ளவருக்கு மட்டும்' என்று போட்டாள். ஆள் இல்லை. கடை திறப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இவளுக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் காலாகத் தெரிந்தார்கள். பஸ்ஸில் கால், வங்கி வரிசையில் கால். கிளினிக்கில் தாடை வீங்கி வந்தவரிடம் "எந்தக் கால் பெருசு?" என்று கேட்டுவைத்தாள். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "வாய் வலிக்குதுன்னு வர்றவங்களைக் காலைப் பத்திக் கேக்காதீங்கம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன் இரண்டு காலும் ஒரே அளவுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அக்கா வந்தாள். வாசலிலேயே புதுச் செருப்பை உதறினாள்.

"கடை திறப்புக்குன்னு வாங்கினேன். ஒரே நாள்ல கடிச்சுடுச்சு, சனியன். என்னடி, எத்தனை ஆச்சு?"

"முப்பத்தொம்பது. மிச்சம் ஒண்ணு, இடது ஏழு, வலது ஆறு."

"பரவாயில்லையே! ஆனா நாற்பது இல்ல." சோஃபாவில் சாய்ந்து, இடது குதிகாலில் பிளாஸ்திரியை மாற்றத் தொடங்கினாள்.

இவள் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். என் காலும் முதல் தடவையாகத் தரையை அழுத்தாமல் இருந்தது.

பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, "அக்கா, இது மேல நில்லு" என்றாள்.

"எதுக்குடி?"

"நில்லுன்னா நில்லு."

பென்சிலால் இரண்டு காலையும் சுற்றி வரைந்தாள். கத்தரித்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். இடது கால் காகிதம் வலதுக்கு வெளியே அரை விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

அக்கா அதை எடுத்தாள், திருப்பினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். "ஆறு போட்டா இடது கடிக்கும். ஏழு போட்டா வலது கழண்டு ஓடும்" என்று மெதுவாகச் சொன்னாள். "ஊரு காலையெல்லாம் அளந்தேனே." அப்புறம் கையை நீட்டினாள். "எடுத்துட்டு வாடி அந்த ஜோடியை."

"முடியாது. ஆர்டர் போடு."

"உன் வீட்டுலதானே இருக்கேன்!"

"ஆர்டர் போடு."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்து, எங்கள் சோஃபாவில் உட்கார்ந்தபடியே, எங்கள் முகவரியிலிருந்து தன் முகவரிக்கு ஆர்டர் போட்டாள். இவள் கையில் டிங் என்றது. அக்காவைச் சுற்றி, ஹாலைச் சுற்றி, பால்கனிக்கு ஓடி, "நாற்பது!" என்று கத்தினாள். எதிரே கத்தரிக்கோல் உயர்ந்தது. பதினைந்து சுற்று டேப்.

திறப்பு விழா அன்று அக்கா மஞ்சள் லேஸ் ஷூவோடு காலையிலிருந்து மாலை வரை நின்றாள். வந்தவர்கள் ஷூவைப் பார்த்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து இவள் போனைத் திறந்தாள். இருப்பு பூஜ்யம். அதற்குக் கீழே ஐந்து ஸ்டார், ஒரு குறிப்பு. இந்தத் தடவை முதல் வரியோடு நிறுத்தவில்லை, கடைசிவரை அவளே சத்தமாக வாசித்தாள்.

'பதினெட்டு வருஷம் செருப்புக் கடை நடத்தினேன். என் காலை அளந்து பார்த்தது என் தங்கச்சிதான். பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டேன். அவளுக்கு நான் வைத்த பெயரையும்.'