பூட்டிய வீட்டில் இன்றைய தேதி

முதல் நாள், நானே கிழித்திருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

பாளையம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் கடைசி வீடு அது. அதற்கப்புறம் சீமைக்கருவேலங்காடுதான். வீட்டுக்காரர் குடும்பத்தோடு சவூதியில் இருக்கிறார். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் என்பதால் முன்வாசல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வாசல் விளக்கையும் ஹால் விளக்கையும் போட வேண்டும், விடிந்ததும் அணைக்க வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீடு அப்படித் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

“ஹாலுக்கு அந்தப் பக்கம் நீங்க போக வேண்டியதில்லண்ணே” என்று சொல்லியிருந்தார். நானும் போனதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையில் தொழில் இருக்கிறது, மனதில் பயம் இருக்கிறது. சுவிட்சை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். மின்கம்பியில் கொக்கி போட்டுக் கொடு, மீட்டரைக் கொஞ்சம் தட்டிவிடு என்று கேட்டு வந்தவர்களை இதுவரை ஒருவரையும் வாசலில் ஏற்றியதில்லை. நல்லவன் என்பதால் அல்ல; தூக்கம் வராது என்பதால்.

ஹால் சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர், தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. ஐந்து மாதமாக அது அவர்கள் கிளம்பிய தேதியிலேயே நின்றது. ஒரு மாலை விளக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அன்றைய தேதி இருக்கிறது.

ஐந்து மாதத் தாள்களைக் கிழித்தவனுக்கு ஞாபகம் இருக்காதா? இருந்தும் என் மேலேயே சந்தேகப்பட்டேன். மறுநாள் வேண்டுமென்றே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் தேதி இருந்தது. மேலே தகரப் பட்டையில் மிச்சமிருந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். பிசிறே இல்லை, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. நான் எதைக் கிழித்தாலும் கோணும். கிழித்த தாள் ஒன்றுகூடக் கீழே இல்லை.

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் மில்லிலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

“பேயா இருந்தா அது எதுக்குங்க காலண்டரக் கிழிக்கப் போகுது? அதுக்கென்ன ராகு காலம் பாத்துக் கெளம்பணுமா?”

சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

இரண்டாம் நாளே மீட்டரைக் குறித்துவைத்திருந்தேன், மூன்றாம் நாள் மறுபடி பார்த்தேன். என் இரண்டு விளக்கும் சேர்ந்து ஒரு யூனிட் இழுக்க ஐந்து நாள் ஆகும். அந்த மீட்டர் ஒரே நாளில் ஒரு யூனிட் ஓடியிருந்தது. பேய்க்கு வேர்க்காது. யாரோ பகல் முழுக்க ஃபேன் போட்டிருக்கிறார்கள் என்று கணக்கு சொன்னது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஹாலில் நின்று, “யாரு உள்ள?” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

சமையலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அது மெல்லச் சாத்திக்கொண்டது.

“அண்ணே, உள்ள வராதீக.”

பெண் குரல். அழுகையும் இல்லை, பயமும் இல்லை. விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பேசுகிற மாதிரி இருந்தது.

“நீங்க யாரும்மா?”

“இந்த வீட்டுப் புள்ளதான். சவூதில இருக்கவுக எங்க அண்ணன்.”

அப்படியொரு தங்கை இருப்பது தெருவுக்கே தெரியும், பேசத்தான் மாட்டார்கள். தானாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். இனி இந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று அவரைப் பெற்ற அத்தா சொல்லிவிட்டார். அத்தா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, அவர் சொன்ன சொல் மட்டும் அந்த வீட்டில் அப்படியே இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திருச்சுழிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். கணவர் மவுத்தாகி மூன்று மாதம் ஆகிவிட்டது. அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

“இத்தா இருக்கேண்ணே. புருசன் போனா நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக் கூடாது, அன்னிய ஆம்பள மொகத்துல முழிக்கக் கூடாது. பாதியில எங்க போயி ஒக்காருவேன்? கொல்லக் கதவுச் சாவி ஒண்ணு எங்கிட்டயே தங்கிருச்சு, கல்யாணத்துக்குக் கெளம்புன அன்னைக்கு. அதான் வந்துட்டேன். சின்னப் புள்ளையில இந்த வீட்டுல காலண்டரப் பிசிறில்லாமக் கிழிக்கிறது என் வேலை. அதுல ஓரத்துல எங்க பெறைத் தேதியும் போட்டிருப்பாக, அத வச்சுத்தான் நாளு எண்ணுறேன்.”

“அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேணாம்பாக. கேக்காத வரைக்கும் வேணாம்னு சொல்லலைல்ல.”

பூட்டிய வீட்டுக்குள் ஆள் புகுந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சாவி வாங்கினவன் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். எதையும் செய்யாமல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு தினமும் விளக்கைப் போடுமுன், சமையலறைக்கு முதுகைக் காட்டி நின்று, “இருக்கீகளா?” என்பேன். உள்ளேயிருந்து கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். டிங் என்று ஒரே ஒரு தட்டு. யாருமில்லாத ஹாலில் அந்தச் சத்தம் சுவரோரமாக ஓடி அடங்கும். ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் உடம்பு சிலிர்க்கும்.

வீட்டுக்காரியிடம் மறைக்க முடியவில்லை. கேட்டதும் அவள் எழுந்தாள். குழம்பை ஒரு தூக்குவாளியில் ஊற்றி நீட்டினாள். “ஹால்ல வச்சுட்டு வாங்க. எட்டிக் கிட்டிப் பாத்துராதீக.”

இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது சவூதியிலிருந்து போன் வந்தது.

“அண்ணே, கரண்ட் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. யூனிட் கூடிருக்கே?”

“நான்தான்… ரெண்டு மூணு நாளு பகல்லயும் அணைக்க மறந்துட்டேன்.”

 நான் மறக்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

“கொல்லக் கதவுக்குப் பழைய சாவி ஒண்ணு தொலஞ்சு போயிருக்குண்ணே, ரொம்ப வருசமாச்சு. நாளைக்கே வெளிப்பக்கமா கொண்டி அடிச்சு ஒரு தொங்கு பூட்டுப் போட்ருங்க. போட்டோ அனுப்புங்க. அனுப்பலைன்னா நான் ஸ்டேஷன்ல சொல்லி ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன். ஒங்கள நம்பித்தானே சாவியக் குடுத்துட்டு வந்துருக்கேன்.”

போலீஸ் வந்தால் அந்தத் தங்கையைத் தெருவில் நிறுத்துவார்கள். நூறு நாளுக்கு மேல் ஒரு கண்ணில் படாமல் காத்தவரைத் தெருவே பார்க்கும். பூட்டைப் போட்டாலோ உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியை நான் பூட்டுகிறேன். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று இதைச் சொன்னேன்.

“பூட்டிருங்கண்ணே” என்றார். “நான் வெளிய வரப் போறதில்லைல்ல.”

“முன்வாசச் சாவியும் எங்கிட்டத்தானே இருக்கு. தீப் பிடிச்சா? பாம்பு வந்தா?”

“ஒம்போது நாளுண்ணே.”

மறுநாள் பகலில் கொண்டி அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் உள்ளே பாத்திரம் ஒன்று அதிர்ந்தது. பூட்டைப் போட்டு, வழக்கம்போல மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை இழுக்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. போட்டோ அனுப்பினேன். ‘நன்றி அண்ணே’ என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் சோறு தின்றது குறைவு. வேலைக்குப் போன இடத்தில் நியூட்ரல் ஒயரையும் பேஸ் ஒயரையும் மாற்றி மாட்டினேன். உள்ளே அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பூட்டினவன் நான். சாவி என் பையில், போட்டோ என் போனில். அவரேதான் பூட்டச் சொன்னார் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வேன்?

ஐந்தாவது நாள் எம்.ரெட்டியபட்டியில் வேலை முடியத் தாமதம். ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். தெருவில் அந்த வீடு மட்டும் இருட்டாக நின்றது. கதவைத் திறந்து, “இருக்கீகளா?” என்றேன்.

சத்தம் இல்லை.

மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை கத்தியேவிட்டேன். காலையில் நான் வைத்த தூக்குவாளி ஹாலில் வைத்த இடத்திலேயே இருந்தது. சமையலறைக் கதவில் கை வைத்தேன். அது தாழ் போடாமல் இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். செத்துக் கிடந்தால் பார்த்தே ஆக வேண்டும், உயிரோடு இருந்தால் பார்க்கவே கூடாது. கையை எடுக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் அந்த இருட்டில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு வீட்டுக்கு ஓடி என் வீட்டுக்காரியை இழுத்துவந்தேன்.

அவள் உள்ளே போனாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். உடனே வெளியே வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“தொழுதுகிட்டு இருக்காகங்க. தொழுகையில எப்படிப் பதில் சொல்லுவாக? பாங்கு சொல்லுறதுக்கு முன்னாடியே வர்ற மனுசன் இன்னைக்குப் பாத்து அந்த நேரத்துல வந்து கத்துறீக.”

“வாளி அப்படியே இருக்கே?”

“நோம்பு வச்சிருக்காக.” பிறகு குரலை இறக்கி, “முடிஞ்சதும் காரியாபட்டிப் பக்கம் ஒரு ஆஸ்டல்ல சமையல் வேலைக்குச் சொல்லி வச்சிருக்காகளாம்” என்றாள். முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாள் முடிந்த மறுநாள் காலை கொல்லைப் பூட்டைத் திறந்தேன். “திறந்தாச்சும்மா” என்று சொல்லிவிட்டுக் கருவேலங்காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கதவு திறந்தது. காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து கொஞ்சம் நின்றது.

“இனிப் பாத்தா ஒண்ணும் இல்லண்ணே. நாளு முடிஞ்சிருச்சு.”

நான் திரும்பவில்லை. அத்தனை நாள் காத்ததை நான் போய் முடித்துவைப்பதா என்று ஏதோ ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டது. காலடி தள்ளிப் போனது. திரும்பியபோது வெயில் மட்டும் இருந்தது.

உள்ளே தரை கழுவி ஈரமாக இருந்தது. காலண்டரில் அன்றைய தேதி. அப்போதுதான் உறைத்தது: இனி இது இந்தத் தேதியிலேயே நிற்கும். வீட்டுக்காரர் வந்து பார்த்தால், இன்ன நாள் வரை இங்கே ஆள் இருந்தது என்று அதுவே சொல்லிவிடும். அதனால் மறுநாளிலிருந்து நானே கிழித்தேன். தினமும், ஒருநாள் விடாமல், திருட்டுத்தனமாக.

லீவில் வந்தார் வீட்டுக்காரர். ஹாலில் நின்று காலண்டரைப் பார்த்தார்.

“யாருண்ணே கிழிச்சது?”

“நான்தான். சும்மா… விளக்குப் போட வரும்போது.”

அவர் கிட்டே போய்த் தகரப் பட்டைக்குக் கீழே கட்டை விரலை வைத்து, மிச்சமிருந்த விளிம்புகளைப் புரட்டினார். அடியில் என் கோணல் பிசிறுகள். அவற்றுக்கு மேலே நேரான விளிம்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. விரல் அங்கே நின்றுவிட்டது.  சாவியைப் பிடுங்கப் போகிறார், தெருவைக் கூட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“டீ குடிக்கிறீகளாண்ணே?” என்றார்.

அதைப் பற்றிப் பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையைப் பார்க்கப் போனதாகவும் கேள்விப்படவில்லை. திரும்ப சவூதி கிளம்புகிற அன்று என் கையில் சாவியைக் கொடுக்கும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “கொல்லயில அந்தத் தொங்கு பூட்டக் கழட்டிருங்கண்ணே. பழைய பூட்டே போதும்.”

அன்றைக்கே கழற்றினேன். இப்போது காலண்டரில் நான் கை வைப்பதில்லை. அது வீட்டுக்காரர் கிளம்பிய தேதியில் நிற்கிறது. சாயங்காலம் பாங்குக்கு முன்பே போய்விடுகிறேன். முதலில் சுவரைப் பார்க்கிறேன். பிறகு சமையலறைக்கு முதுகைக் காட்டி நின்று, “இருக்கீகளா?” என்று ஒரு தடவை கேட்கிறேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறேன்.