நல்ல தண்ணீர் உள்ள ஊர்கள்

ஏற்காடு ஏரிக்கரையில் என் கணவர் போட்டோ எடுப்பார். ஏரிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் நான் படம் கழுவுவேன். காலையில் படகுக்கு முன்னால் சிரித்து நின்றவர்களுக்குச் சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் படம் கைக்கு வந்தாக வேண்டும். கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மலையேறி வந்த ஆறே மாதத்தில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது.

ஏப்ரலிலும் மேயிலும் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் கரை காலியாகிவிடும். பிறகு மழை, மூடுபனி. கேமராவைத் துடைத்துத் துடைத்து வைப்பதுதான் அவருக்கு வேலை. மூன்றாவது வருஷம் அவருக்கு மனசு விட்டுப்போனது. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை காலி இருக்கிறதாம், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, இங்க வந்த சனமெல்லாம் இப்ப ஊட்டுக்குள்ளயேவா அடைஞ்சு கிடக்குது? வேற எங்கியோ போயிட்டுத்தானுங்க இருக்கும். நாமளும் அங்கியே போலாமுங்க” என்றேன்.

“பெட்டி படுக்கையத் தூக்கிக்கிட்டு ஊரூராவா?”

“ஆமாங்க. இருட்டறைதானே, ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அடங்கிரும்.”

எஸ்டேட்டுக்கு அவர் போகவில்லை. ஆனால் ஊரை அவரே தேர்ந்தெடுத்தார். யாரோ சொன்னார்கள் என்று கிழக்குக் கடற்கரையில் ஒரு கோயில் ஊர். கூட்டம் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. தண்ணீர்தான் உப்பு. அதோடு அந்த வெயிலில் மருந்துத் தண்ணீர் சூடேறி, படத்தின் மேல்பூச்சு பாலாடை மாதிரி உரிந்து வந்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் படத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். மணப்பெண்ணின் முகம் என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குக் கூசியது. இருபது நாளில் திரும்பிவிட்டோம்.

அடிவாரத்தில் பஸ் நின்றபோது அவருடைய அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டார். “நாடோடிப் பொழப்பு போதுமா, கண்ணு? ஒரு எடமாப் பாத்து உக்காருங்க” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எரிந்தது. நாங்கள் கிளம்பியது தப்பில்லை, விசாரிக்காமல் கிளம்பியதுதான் தப்பு என்று மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த சீசனில் நானும் ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். படத்துக்குக் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். போன வருஷம் எங்கே போனீங்க, எந்த மாசம், அங்கே போட்டோக்காரர் இருந்தாரா? எல்லாம் நோட்டில் ஏறியது. அதிலிருந்து பதினோரு ஊர்களைப் பொறுக்கி, ஒவ்வொரு ஊர்ப் போஸ்ட் மாஸ்டருக்கும் பதில் அட்டை சேர்ந்த தபால் கார்டு போட்டேன். உங்கள் ஊருக்குக் கூட்டம் எப்போது வரும்? தண்ணீர் உப்பா? குடும்பத்தோடு தங்க அறை கிடைக்குமா?

“போஸ்ட் மாஸ்டருக்கு வேற வேலையில்லையா?” என்று சிரித்தார் இவர்.

ஏழு பேர் பதில் போட்டார்கள். குற்றாலத்துக்காரர் அட்டையின் ஓரமெல்லாம் நிரப்பி எழுதியிருந்தார். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், தைரியமாக வாருங்கள் என்று. அதைவிட நல்ல சான்றிதழ் ஒரு தண்ணீருக்கு யார் தர முடியும்!

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வருஷத்தையே போட்டு வைத்தேன். ஏப்ரல், மே ஏற்காடு. சாரலுக்குக் குற்றாலம். ஐப்பசியிலிருந்து கன்னியாகுமரி. தைப்பூசத்திலிருந்து பங்குனி உத்திரம் வரை பழனி.

“கன்னியாகுமரியும் கடற்கரைதானே புள்ள? மறுபடியும் முகம் உரியறதுக்கா?”

“குடியிருக்கறது நாகர்கோயிலுங்க. அங்க தண்ணி நல்லாருக்குதுன்னு எழுதியிருக்காங்க. நீங்க பஸ்ஸுல போய் எடுத்துட்டு வாங்க, நான் கழுவறேன்.”

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் இரும்புப் பெட்டியின் கீல்களுக்கு எண்ணெய் போட்டார்.

குற்றாலத்தில் முதல் வாரம் அருவி நூல்போல ஒழுகியது. வெயில் காய்ந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை. தினமும் மலையைப் பார்ப்பேன், அட்டையை எடுத்துப் படிப்பேன். எட்டாம் நாள் காலை மலை தெரியவில்லை. முகத்தில் பூப்பூவாகச் சாரல் விழுந்தது. மத்தியானத்துக்குள் அருவியின் சத்தம் கடைத்தெரு வரை கேட்டது. மறுநாளே பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கியது.

தலை சொட்டச் சொட்ட ஓடிவந்து, “எங்களை எடுங்க, எங்களை எடுங்க” என்று நின்றார்கள். கேமரா நனையாமல் நான் குடை பிடித்தேன். அவர் எடுத்தார். ரோல் முடிந்ததும் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். அன்றைக்குக் கழுவிய படங்களில் ஒரு புள்ளி இல்லை, ஒரு கறை இல்லை. தொட்டித் தண்ணீருக்குள் முகங்கள் ஒவ்வொன்றாகச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தன. நானும் தனியாகச் சிரித்தேன்.

சாயங்காலம் அவர் அறை வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, “அடுத்தது எந்த ஊருங்க, அம்மிணி?” என்றார். அவர் எனக்கு ‘ங்க’ போட்டது அதுதான் முதல்தடவை.

பழனியில் குழந்தைகளை மொட்டைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து ஒரே அட்டையில் ஒட்டிக் கொடுத்தோம். அது என் யோசனை. அதைக் கேட்டு வாங்குவதற்கென்றே எங்களைத் தேடி வந்தார்கள்.

மறுவருஷம் ஏற்காட்டுக்கு ஏறியபோது காப்பி பூத்திருந்தது. மலை முழுக்க அந்த வாசனை. ஏரிக்கரையில் பலூன் விற்பவரும், கரடியூரிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்து விற்கும் புருஷன் பெண்டாட்டியும் எங்களைச் சுற்றிக்கொண்டு, எங்களுக்கும் ஊர் சொல்லுங்க என்றார்கள். நோட்டை எடுத்து வந்தேன். ஆரஞ்சுக்காரர்களால் தோட்டத்தை விட்டு நகர முடியாது. படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பலூன்காரருக்கு அவர் ஆசைப்பட்ட ஊரை அடித்துவிட்டு, குழந்தைகள் அதிகம் வரும் ஊர்களாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஜூனில் எங்கள் இரும்புப் பெட்டியோடு பலூன்காரரின் குடும்பமும் அவர்கள் மூட்டைகளும் பஸ்ஸில் ஏறின. கண்டக்டர் மேலே கட்டிய சாமானையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தன பேரும் எந்தூருக்குங்க?”

இவர் என் பக்கம் கையைக் காட்டினார். “அவிங்களக் கேளுங்க. அவிங்க சொல்ற ஊருக்கு.”