உள்ளே வந்தால் ஒன்றும் கேட்கமாட்டோம்

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஓர் ஆரம்பப் பாடசாலையைச் சனிக்கிழமைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். அதற்கு முன்னர் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தினோம். அங்கே ஒரு மூலையில் அரிவரி, இன்னொரு மூலையில் ஐந்தாம் வகுப்பு, நடுவில் மிருதங்கம். இந்தக் கட்டடம் கிடைத்த பிறகுதான் வகுப்புக்கு ஓர் அறை, பிள்ளைக்கு ஒரு கதிரை என்று வந்தது. கதிரைகள் சின்னப் பிள்ளைகளுடையவை. பெரிய வகுப்புப் பெடியன்கள் அவற்றில் குந்தியிருந்து இலக்கணம் எழுதுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனாலும் அது எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம்.

நான் அதன் செயலாளர். காலையில் சாவி வாங்குவது, மத்தியானம் விளக்குகளை அணைப்பது, குப்பைப் பைகளைக் கட்டி வெளியே வைப்பது, அந்தப் பாடசாலையின் தலைமையாசிரியைக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. வழக்கமாக அவரிடமிருந்து ஒரு வரியில் நன்றி வரும். ஒரு தை மாதத்தில் நீண்ட பதில் வந்தது. தெருவில் குடியிருப்பவர்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு முறையிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலைகளில் கார்கள் வரிசையாக எஞ்சின் ஓடியபடியே நிற்கின்றன, புகை வீட்டுக்குள் வருகிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஈஸ்டர் விடுமுறைக்குள் இது சீராகாவிட்டால் செப்டெம்பரிலிருந்து கட்டடத்தைத் தருவது கடினம். மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. வார நாட்களில் பள்ளி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் கவுன்சில் அந்தத் தெருவை வாகனங்களுக்கு மூடிவிடும். சனிக்கிழமைக்கு அந்த ஒழுங்கு இல்லை. எங்கள் பிள்ளைகள் பலர் தூரத்திலிருந்து வருகிறவர்கள். இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஆகவே தாய்மார் சிலர் உள்ளே வருவார்கள், தகப்பன்மார் காருக்குள்ளேயே இருப்பார்கள். குளிர் என்றால் ஹீற்றர் வேண்டும், ஹீற்றர் என்றால் எஞ்சின் ஓட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கவுன்சிலின் காற்றுத் தர அதிகாரி வருவதாக அறிவித்தார்கள். ஆங்கிலேயர் ஒருவரை எதிர்பார்த்து, சொல்ல வேண்டியவற்றை ஆங்கிலத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பெரிய பை.

"வணக்கம் மேடம். அந்த விளக்குக் கம்பத்தப் பாருங்க. விரல் மாதிரி ஒரு டியூப் தொங்குதில்ல? அது நாங்க வச்சதுதான். மாசா மாசம் மாத்தி லேபுக்கு அனுப்புவோம். அந்த மாசம் இந்தத் தெருக் காத்து எப்படி இருந்துச்சுன்னு அவங்க சொல்லிடுவாங்க."

பல வருடங்களாக அந்தக் கம்பத்தின் கீழால்தான் நடக்கிறேன். அது விளக்கோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

"மெயின் ரோட்டுப் புகையை விட்டிட்டு எங்கட காருக்கு வாறியளே, தம்பி?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபிக்கவில்லை.

"மெயின் ரோடும்தான் மேடம். காத்துக்கு எல்லையெல்லாம் தெரியாது. பக்கத்து கவுன்சில் ஏரியா புகை இங்க வரும், நம்ம புகை அங்க போகும். பஸ்ஸு, லாரி, பழைய டீசல் வண்டிக்குக் கட்டணம், இதெல்லாம் லண்டன் முழுக்கச் சேர்த்து மேயர் பாத்துப்பாரு. எங்க கையில இருக்கறது அளக்கறது, ஒரு தெருவ மூடறது, நிக்கற வண்டிய ஆஃப் பண்ணச் சொல்றது."

"தண்டம் போட ஏலாதோ?"

"போடலாம். முதல்ல அணைங்கன்னு சொல்லணும். சொல்லியும் அணைக்கலைன்னாதான் போடலாம். ஆனா நாங்க சின்ன டீம். நான் வாரா வாரம் இங்க நின்னா மத்த ஸ்கூல யார் பாக்கறது? உங்க ஆளுங்ககிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க."

நாங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பையைத் திறந்து மஞ்சள் நிற ஒளிரும் ஜாக்கெட்டுகளை எடுத்துத் தந்தார். நானும் எங்கள் தலைவரும் அவற்றைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினோம். தலைவர் ஓய்வுபெற்றவர், பேரப்பிள்ளை எங்களிடம் படிக்கிறது. ஜாக்கெட் அவருக்கு முழங்கால் வரை இருந்தது.

முதல் காரை நெருங்குவதற்கு முன்பே அது புறப்பட்டது. பிறகு அடுத்தது. பிறகு வரிசை முழுவதும். மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டதும் பார்க்கிங் தண்டம் எழுத வருகிறார்கள் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கிளம்பிவிட்டார்கள். அப்படியே பக்கத்துத் தெருவால் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் இன்னும் நின்றதால் மறுபடியும் சுற்றினார்கள்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "மேடம், முன்னாடி வண்டியெல்லாம் நின்ன இடத்துல புகை விட்டுச்சு. இப்போ ஊர்வலம் போய்க்கிட்டே விடுது."

"தங்கச்சி, இதைக் கழட்டுவம்," என்றார் தலைவர்.

அடுத்த கிழமை ஜாக்கெட் இல்லாமல், கவுன்சில் தந்த துண்டுப் பிரசுரங்களோடு தனியாகப் போனேன். இந்த முறை யாரும் ஓடவில்லை. கண்ணாடியைத்தான் இறக்கவில்லை. ஒருவர் உள்ளே இருந்தபடியே கையைக் கூப்பினார். ஒருவர் நித்திரை போலச் சாய்ந்துகொண்டார். கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிய ஒருவர், நான் வாயைத் திறக்க முதலே, "அக்கா, நான் போன கிழமைதான் டிக்கெட் வாங்கினனான்" என்றார்.

"என்ன டிக்கெட்?"

"நீங்கள் விக்கிற ஏதோ டிக்கெட், மனிசி வாங்கினவ."

சரி, குளிர்தான் காரணம் என்றால் சூடான இடம் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தேன். பாடசாலையின் சாப்பாட்டு மண்டபத்தைத் திறந்து, பெரிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, இஞ்சி போட்டுத் தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் வைத்தேன். கார் காராகப் போய்ச் சொல்லவும் சொன்னேன். வழக்கமாக வரும் தாய்மார்தான் வந்தார்கள். வடை மிஞ்சியது.

மிச்ச வடையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு தெருக் கடைசியில் நின்ற வெள்ளை வான் வண்டியிடம் போனேன். பார்சல் விநியோகம் செய்யும் தகப்பன் அவர், இரண்டு மகள்மார் எங்களிடம் படிக்கிறார்கள். வரிசையிலேயே அதிகம் புகை விடுவது அந்த வான்தான். வடைக்காக அவர் கண்ணாடியை முழுதாக இறக்கினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். உள்ள சூடாக் கிடக்கு, தேத்தண்ணி கிடக்கு. ஏன் ஒருத்தரும் வாறியள் இல்லை?"

அவர் வடையைக் கடித்து, மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "அக்கா, கோவிக்கக் கூடாது. உள்ள வந்தா கமிட்டியில போட்டிடுவியள்."

"விசர்க் கதை."

"விசர்க் கதையோ? நீலக் கார் அண்ணை போன வருசம் ரொய்லெட்டுக்குப் போகவெண்டு உள்ள வந்தவர். வெளியால வரேக்க உப பொருளாளர். இண்டைக்கு வரைக்கும் அந்தாளுக்கு விடுதலை இல்லை. போன விழாவுக்கு நான் மகளின்ர தண்ணிப் போத்தல் குடுக்க வந்தனான். மேடை கட்டிப்போட்டு இரவு வீட்ட போனனான். நாங்கள் சோம்பேறியள் இல்லை அக்கா. கிழமை முழுக்க ஓடுறம். இந்த ரெண்டு மணித்தியாலம்தான் ஒருத்தரும் ஒண்டும் கேக்காத நேரம்."

அவர் சொன்ன இரண்டு சம்பவங்களும் நடந்தவை. நீலக் கார்க்காரரை வாசலில் மறித்தது தலைவர், அவருக்குக் கணக்குப் புத்தகத்தை நீட்டியது நான்.

அந்தக் கிழமையே நிர்வாகக் குழுவைக் கூட்டினேன். காருக்குள் இருப்பவர்கள் உள்ளே வர வேண்டும் என்றால், உள்ளே வருகிறவர்களிடம் ஓர் உதவியும் கேட்பதில்லை என்று நாங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கோடையில ஆண்டு விழா வருது, தங்கச்சி. ஆர் மேடை கட்டுறது? ஆர் கதிரை ஏத்துறது?"

"பள்ளிக்கூடமே இல்லாட்டி மேடையை எங்கை கட்டுறது அண்ணை?"

"ஒரு சொல்லும் கேக்கக் கூடாதோ?"

"கேக்கக் கூடாது. பார்க்கிற பார்வையிலயும் கேக்கக் கூடாது."

நீலக் கார்க்காரர் உப பொருளாளர் என்ற முறையில் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் முதலில் கையை உயர்த்தி ஆதரித்தார்.

சனிக்கிழமை சாப்பாட்டு மண்டபக் கதவில், "உள்ளே வருபவர்களிடம் எந்த உதவியும் கேட்கப்படமாட்டாது. நிர்வாகம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். வான்காரத் தகப்பன் வந்து அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். அதற்கு வந்த பதில்களை அவர் எனக்குக் காட்டவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் குளிர்கிறது. அந்த மண்டபத்தில் மேசையோடு சேர்த்துப் பொருத்திய, ஐந்து வயதுக்காரர் உட்காரும் வாங்குகள்தான் உண்டு. பெரிய ஆண்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட அவற்றில் நெருக்கமாக இருந்து, வடையின் காரம் போதாது என்று முறையிட்டார்கள். ஊரில் இருக்கும் தாயோடு சனிக்கிழமைகளில் மட்டும் பேசும் ஒருவருக்கு, பிள்ளைகள் மேலங்கியைக் கொக்கியில் கொழுவும் நடைக்கூடத்தை ஒதுக்கிக் கொடுத்தோம். குட்டி மேலங்கிகளுக்கு நடுவில் நின்று அவர் "ஓம் அம்மா, சாப்பிட்டனான் அம்மா" என்று சொல்வது மண்டபம் வரை கேட்கும். நோர்பரியில் கடை விற்பனைக்கு வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதை வாங்கலாமா கூடாதா என்று மூன்று கிழமை விவாதம் நடந்தது. விவாதித்த யாரும் கடை வாங்குகிறவர்கள் இல்லை. தலைவர் மட்டும் மண்டபத்துப் பக்கமே வரவில்லை. வந்தால் வாய் சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும்.

விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை தலைமையாசிரியையும் கவுன்சில் அதிகாரியும் தெருவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று நல்ல குளிர். மண்டபம் நிறைந்திருந்தது. அவர்கள் தெருமுனையில் இறங்குவதை ஜன்னலால் கண்டு நான் மேலங்கியை எடுத்தபோது, கதவைத் திறந்துகொண்டு தலைவர் உள்ளே வந்தார். கையில் ஆண்டு விழாக் கோப்பு.

ஒருவர் கார்ச் சாவியை எடுத்தார். இன்னொருவர், "மகளைக் கூட்டியரப் போறன்" என்று எழுந்தார். வகுப்பு முடிய இன்னும் வெகு நேரம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லோரும் காருக்குள் போய்விடுவார்கள், எஞ்சின்கள் கிளம்பும், தலைமையாசிரியை சரியாக அந்த நேரம் நடந்து வருவார். வயதில் மூத்தவரைச் சபையில் தடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. ஆனாலும் நேராகப் போய்க் கோப்பை வாங்கி என் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் தலைவர் இல்லை, பேரன்ர பெற்றார். இருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டு அந்தக் குட்டி வாங்கில் இருந்தார். சாவி எடுத்தவர் எழுந்த கோலத்தில் நின்றார். தலைவர் ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தார்.

வான்காரர்தான் பொறுக்கமாட்டாமல், "என்ன அண்ணை, இந்த முறை விழா இல்லையோ?" என்றார்.

"இருக்கு."

"மேடைக்கு ஆளிருக்கோ?"

"செயலாளரைக் கேளும் தம்பி. எனக்குக் கதைக்க அனுமதி இல்லை."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வான்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அதென்ன அக்கா, எங்களைக் கேக்காமல் விழாவோ? நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

கேட்கமாட்டோம் என்று நீர்தானே ஊருக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினீர் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே போனேன்.

தெரு முழுக்கக் கார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை, கண்ணாடிகளில் பனி படர்ந்திருந்தது. தலைமையாசிரியை தெருவின் இரு பக்கமும் நடந்து பார்த்தார், ஒரு வீட்டு வாசலில் நின்று யாரோடோ பேசினார். நான் அதிகாரியிடம், இனி அந்த டியூபில் இது தெரியுமா என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியாது மேடம். அது மாசம் முழுக்கச் சராசரி. சனிக்கிழமை காலைல மட்டும் குறைஞ்சது அதுல காணாமப் போயிடும். ஆனா இப்போ இங்க நின்னு மூச்சு விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். குளிரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

தலைமையாசிரியை திரும்பி வந்து, செப்டெம்பரிலும் கட்டடம் எங்களுக்குத்தான் என்று சொல்லி என் கையைப் பிடித்தார். கோப்பு இன்னும் என் கக்கத்தில் இருந்ததால் இடது கையைத்தான் கொடுக்க முடிந்தது.

மண்டபத்துக்கு வந்து செய்தியைச் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் மட்டும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வான்காரர் கழுத்தைச் சுற்றிய மப்ளரை இழுத்துவிட்டபடி சொன்னார்:

"அப்ப அக்கா, செப்டெம்பருக்கு முதல் இஞ்சத்தை ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லுங்கோ. காருக்குள்ள இருந்த சூடு இதில இல்லை."