வெள்ளிக்கிழமை வந்து தட்டியவன்

போன வாரம் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்கிற வாசனை. பக்கத்தில் நின்ற பெண், கையில் பளபளவென்று ஒரு போனை வைத்துக்கொண்டு, "அண்ணே, பொன்னமராவதி வண்டி எப்பண்ணே வரும்?" என்றாள். தெரியாது என்றேன். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் எந்த பஸ் எப்போது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, போன் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். அதை ஒழித்துக்கட்டியவர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எரிச்சல்.

அந்த பஜ்ஜிக் கடைக்கு மேலே மாடியில்தான் இளங்கோவின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. இப்போது அங்கே போன் உறை விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடுவோம். பஸ் நேரம் சொல்லும் ஒரு செயலியைச் செய்திருந்தோம். யாரும் அதன் கோடை, அதாவது அதை இயக்கும் நிரலை, திறந்து பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. எனக்குக் கோடு எழுத வராது. வந்த கொஞ்சத்தையும் அடுத்தவன் திருத்த வேண்டியிருக்கும். மருந்துக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கப் பைக்கில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை எனக்கு. போகிற இடத்தில் டிரைவர், கண்டக்டரிடம் கெஞ்சி பஸ் நேரத்தை வாங்கிவருவேன். கூட்டத்துக்கு பஜ்ஜி வாங்கிவருவதும் நான்தான். இரண்டில் எதற்கு அதிக மரியாதை இருந்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

கோடு எழுதியது ஆரோக்கியசாமி. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம். வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மற்றவர்கள் துணி துவைத்து, சமைத்து, தூங்கி எழுகிற அந்த ஒரு நாளில் இவன் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் செயலியைத் திருத்துவான். மாடியில் உட்கார்ந்து பேசிய யாரும் அந்த வருடம் உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை.

அவனுக்கு அதில் ஏன் அத்தனை ஆர்வம் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தான். அவன் அம்மா மேரிக்குச் சர்க்கரை. மாத்திரை வாங்க கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். புறப்படும்போது மகனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இவன் திருப்பிக் கூப்பிடுவான்.

"யப்பா, கீரனூர் வண்டி எப்ப வருது?"

"இன்னும் அரை மணி இருக்கும்மா. நெழல்ல உக்காரு. சாப்டியா?"

"சாப்ட்டேன், சாப்ட்டேன். ஒனக்கு அங்க என்ன கொழம்பு?"

கிராமத்தில் நிற்கும் அம்மாவுக்குக் கடல் தாண்டி இருக்கிற மகன் பஸ் நேரம் சொல்கிறான். எங்கள் செயலி செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது தோழர்களிடம் வருகிறேன். அங்கே எல்லாரும் எல்லாரையும் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பவர்கள் ஒரே செயலியில் வேலை செய்வதற்கு, கோடை இணையத்தில் ஒரு பொது இடத்தில் வைத்தாக வேண்டும். நாங்கள் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் தளத்தில் சும்மா வைத்திருந்தோம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இளங்கோவுக்கு ஞானம் வந்தது. "நம்ம உழைப்ப அவன் வீட்டுத் திண்ணையில வச்சிருக்கோம் தோழர்" என்றார். உழைத்தவர் மாதிரியே பேசினார்.

எங்கே மாற்றுவது என்று பேசத் தொடங்கினார்கள். எங்கள் குழுவின் வழக்கம், கூட்டத்துக்கு நேரில் வந்த அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் வேண்டாம் என்றாலும் அடுத்த ஞாயிறு. ஒருத்தர் வேறொரு இலவசத் தளம் என்பார், இன்னொருத்தர் அதன் முதலாளி சரியில்லை என்பார். யாரோ ஒருவர் கீழே போய் டீ சொல்லிவிட்டு வருவார். மாதக்கணக்கில் இது நடந்தது. ஆரோக்கியசாமியை ஒருத்தரும் கேட்கவில்லை. நேரில் வராதவனுக்கு எங்கள் ஜனநாயகத்தில் வாய் கிடையாது.

கடைசியில் சொந்த சர்வர் என்று முடிவானது. சர்வர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாடம் நடத்திப் பழசான ஒரு கம்ப்யூட்டர். மூடியைக் கழற்றி பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, எதிரே டேபிள் ஃபேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. தூசி சூடாகிற வாசனை மாடி முழுக்க அடிக்கும். இளங்கோ அதற்குச் "சுதந்திரம்" என்று பெயர் வைத்தார். பழைய தளத்தில் இருந்ததை அழித்துவிட்டு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் உள்ள போன்கள் எல்லாம் அன்றிலிருந்து இந்த நாற்காலியைக் கேட்டுத்தான் பஸ் நேரம் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் மாவட்டத்தில் பஸ்ஸே இல்லை.

புது சர்வரில் வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் அனுமதி தர வேண்டும். தோழர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டார்கள். ஆரோக்கியசாமியை மறந்துவிட்டார்கள். அவன் தன் வழக்கப்படி வெள்ளிக்கிழமை வந்து உள்ளே நுழையப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி முயன்றான். அடுத்த வெள்ளியும் வந்தான்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவன் கதிர். அந்த ஞாயிறு கூட்டத்தில் நடந்ததை அவனே பிறகு எனக்குப் பெருமையாகச் சொன்னான்.

"தோழர், அரபு நாட்டுப் பக்கமிருந்து எவனோ நோண்டுறான். வெள்ளிக்கிழமையானா கரெக்டா வந்துர்றான்."

"பாத்தீங்களா, சொந்தமா வச்ச ஒடனே வந்துட்டான்" என்றாராம் இளங்கோ. "இந்தியாவுக்கு வெளிய இருந்து ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. மொத்தமா அடைச்சிரு."

புதுக்கோட்டை மாவட்டம் இது. கதிரின் சொந்த அண்ணன் துபாயில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை யாருக்கு லீவு என்று எங்கள் ஊர்க் கைக்குழந்தை சொல்லும். அந்த மாடியில் ஒரு மூளைக்குக்கூட எட்டவில்லை. கை தட்டினார்கள். பஜ்ஜி வாங்கிக்கொண்டு மேலே ஏறிவந்த நான், எதற்கென்று தெரியாமலே பொட்டலத்தை வைத்துவிட்டு நானும் தட்டினேன்.

மறு வாரம் ஆரோக்கியசாமி எனக்குப் போன் செய்தான். "அண்ணே, என் போன்ல பஸ் நேரமே தொறக்கலண்ணே. அம்மா ரோட்டுல நிக்கிது. பழைய நேரத்தச் சொல்லிட்டேன்." அந்த வாரம்தான் கீரனூர் வண்டியின் நேரத்தை மாற்றியிருந்தார்கள். நானே போய் வாங்கிக் கொடுத்த புது நேரம் செயலிக்குள் இருந்தது. உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்தது, அதை எழுதியவனுக்குத் தெரியவில்லை.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். புளியமரத்தடியில் கையில் மஞ்சப்பையோடு மேரியம்மா உட்கார்ந்திருந்தார். வண்டி எப்போதோ போயிருந்தது. "எம் மவன் சொன்னா தப்பாதே தம்பி. வண்டிதான் எங்கயாச்சும் நின்னுருக்கும்" என்றார். பைக்கில் ஏற்றிக்கொண்டு கீரனூர் போனேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

அதே சூட்டோடு இளங்கோவிடம் போனேன். "நீங்க அடைச்சது ஆரோக்கியசாமிய" என்றேன்.

"அப்படியா? சரி, அடுத்த கூட்டத்துல பேசுவோம். அவர வரச் சொல்லுங்க தோழர்."

"அவன் அரபு நாட்டுல இருக்கான்யா."

"அப்ப போன்ல பேசலாம். ஆனா எதுல பேசுறது? கம்பெனிக்காரன் செயலியிலயா? நம்ம கொள்கை என்னாகுறது? மொதல்ல நமக்குன்னு வீடியோ பேச ஒரு சர்வர் போடுவோம்."

அடுத்த ஞாயிறுகள் முழுக்க அந்த வீடியோ சர்வரை எங்கே வைப்பது என்று பேசினார்கள். நான் பஜ்ஜி வாங்குவதை நிறுத்தினேன். போராட்டம் என்று அதைத்தான் சொல்ல முடியும். கோடு எழுத ஆளில்லாமல் செயலி நொண்டி, ஒரு மழைக்காலத்தில் நாற்காலிக்கு மேல் கூரை ஒழுகி, சுதந்திரம் புகைந்தது. இளங்கோ இப்போது கல்லூரிகளுக்குப் போய் நம் உழைப்பு நம் கையில் என்று பேசுகிறார். நன்றாகப் பேசுகிறார் என்றார்கள். பேசட்டும்.

ஆரோக்கியசாமி போன மாதம் லீவில் வந்திருந்தான். கீரனூரில் டீ குடித்தோம். அம்மாவுக்கு மினி பஸ் கண்டக்டர் நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். வண்டி தப்புவதில்லையாம். நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதாண்ணே. இப்ப அம்மா எனக்குப் போன் போடுறதில்ல. நாந்தான் போடுறேன். நல்லாருக்கியான்னு கேக்குது, நல்லாருக்கேங்குறேன். அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல."

டீயைக் குடித்து முடித்து வெளியே வந்தோம். குன்றாண்டார்கோவில் பஸ் எப்போது வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நின்றோம்.