பின்கதவு வழியே பார்த்த கல்யாணம்

கேமரன் மலைக்கு நான் மருமகளாக வந்த புதிதில், பிரிஞ்சாங் கடைத்தெருவில் ஒரு சீனக் கடைக்காரர் பயற்றங்காய்க் கட்டைத் தூக்கிக் காட்டி, "காச்சாங் பாஞ்சாங்" என்றார். பஞ்சம் என்கிறாரே என்று திடுக்கிட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையும் முட்டைக்கோசும் விளைந்து கிடக்கும் மலையில் என்ன பஞ்சம்? மழை பொய்த்த நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு வேறென்ன காதில் விழும்? பாஞ்சாங் என்றால் மலாயில் நீளம் என்று கணவர் விளக்கினார். தோட்டத்து லயத்து வீடுகளில் தமிழே போதுமாக இருந்ததால், மூன்று வருடம் கழித்து ஈப்போவுக்குக் கார் வாங்கப் போனபோதும் எனக்குத் தெரிந்த மலாய் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அது எழுபத்தேழாம் வருடம். அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் திரிங்காப்பில் காய்கறி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சிவப்பு சீட் போட்ட ஒரு பழைய காரைப் பார்த்து ஆசைப்பட்டும் வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா செல்லம்மா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. பத்து நாளில் அவருடைய ஒரே மகள் வள்ளிக்குக் கீழே பீடோர் கோயிலில் கல்யாணம். கால் மடங்கவே கூடாது, படுத்தபடி போவதென்றால் போகட்டும் என்றார் டாக்டர். லாரியில் ஏற்றினால் மலைப்பாதை வளைவுகளில் உருண்டுவிடுவார்.

"நான் போவலன்னா என்னா இப்ப, தாலி ஏறாமலா போயிரும்?" என்று அண்ணி சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கல்யாணமும் அம்மா பார்க்காத கல்யாணம்தான். கப்பலேறி வந்து இங்கே தாலி கட்டிக்கொண்டேன். முகூர்த்த நேரத்தை முன்பே கேட்டு வைத்திருந்த அம்மா, அன்று கடலைக் காட்டில் களை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றாளாம். யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதத்தில் அது ஒரே ஒரு வரியாக இருந்தது. அண்ணிக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டியிருந்தேன். அதை நினைத்துத்தான், "அந்தச் செவப்பு சீட்டு காரு வேணாங்க. அண்ணி படுக்கிற மாதிரி வாங்குவோம்" என்று பிடிவாதம் பிடித்தேன்.

ஈப்போ கடையில் ஒரு வேகன் நின்றது. பின்சீட்டை மடக்கினால் பின்கதவு வரை தரை சமமாகிவிடும். அண்ணி என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தச் சாணுக்குக் கால்மாட்டில் கைப்பையை வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே படுத்துப் பார்த்தேன். கடைக்காரச் சீனர் ஓடி வந்தார். "ஓராங் பாஞ்சாங்" என்றேன். நீளமான ஆள் என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. அவர் முகம் வெளுத்தது. "ஓராங் மாத்தி?" என்று கேட்டார். சீட்டை மாற்றிப் போடுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமா, மாத்திதான்" என்று தலையாட்டினேன். பிணம் ஏற்ற என் வண்டியைத் தரமாட்டேன் என்று அவர் கதவைச் சாத்தப் போனார். மாத்தி என்றால் செத்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாகவில்லை, கால்தான் ஒடிந்திருக்கிறது என்று மலாயில் புரியவைத்தார். அந்த மனிதர் அதன்பின் தானே இரண்டு மெத்தைத் துண்டுகளைக் கொண்டுவந்து உள்ளே விரித்தார்.

கல்யாணத்தன்று வேகனைப் பின்னோக்கி ஓட்டிப் பந்தலுக்குள் நிறுத்திப் பின்கதவைத் தூக்கினோம். தலையணைகளில் சாய்ந்து, கால்களை மணமேடைப் பக்கம் நீட்டியபடி அண்ணி எல்லாவற்றையும் பார்த்தார். தாலி ஏறியதும் வள்ளி நேராக வண்டிக்கு வந்து மாவுக்கட்டின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். "கட்டு நனையுது, எந்திரிடி" என்று அதட்டிய அண்ணியின் குரலும் உடைந்துபோயிற்று.

திரும்பும்போது தாப்பா தாண்டிப் பாதை ஏறத் தொடங்கியது. அண்ணி பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராசாத்தி, ஒங்கம்மா அன்னிக்கு எப்படித்தான் நின்னாங்களோ."

வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு சமவெளி கீழே விலகிப் போயிற்று. அதற்கும் அப்பால் எங்கோ கடல். வண்டி என்னை மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன.