பழி சுமந்த இடது கால்

என் இடது காலைப் பழித்தவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தினமும் திருநீறு பூசிக் கும்பிடுகிறவன் இப்படி எழுதலாமா என்றால், உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

அவன் என் மனைவியின் தம்பி. மங்கலத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூரில் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷினில் ஓவர்லாக் டெய்லராக முப்பது வருசம் உட்கார்ந்து, இப்போது சொந்தமாகப் பன்னிரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். ஒரு பழைய கியர் காரும் வாங்கினேன். அதில் கிளட்ச் ஒரு தடவை போய், அவன்தான் சரிசெய்து கொடுத்தான்.

ஆறே மாதத்தில் மறுபடியும் போனது. அன்று கொமரலிங்கம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டியில் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தியும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். மிதித்த பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவே இல்லை. பின்னால் தன் வண்டியில் வந்த மச்சினன் இறங்கி, குனிந்து பார்த்தான். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மாமா காலு இன்னம் பவர் டேபிள்லயே இருக்குதுங்க. டெய்லரு மெஷின் பெடல உட்டுக் காலை எடுப்பாருங்களா? அதே மாதிரி கிளட்சு மேலயும் காலை வெச்சுட்டே ஓட்டறாரு. பேசாம கிளட்சே இல்லாத வண்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தறலாமுங்க!"

சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் மனைவியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பார்த்தேன்.

அந்தக் கால்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அன்றைக்கு அவன் வண்டியில் கோயில் போய்ச் சேர்ந்ததும், சாமி முன்னால் நின்று மழை கேட்கவில்லை, ஆர்டர் கேட்கவில்லை. 'என் கால் மேல தப்பில்லைன்னு இவன் வாயாலயே சொல்ல வையி' என்று மட்டும் கேட்டேன்.

வண்டியை அவனிடம் விடாமல் பல்லடம் ரோட்டில் ஒரு பாய் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாய் விளக்கினார். பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் நகர்ந்து கிளட்சை விடுவிக்கிறது. என் வண்டியில் அந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இதே வண்டியின் பழைய மாடலில் சிலிண்டர் வெளியே இருந்து, கவை என்கிற இரண்டு முனை இரும்பைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், இரண்டு போல்ட்டில் கழற்றலாம்.

"மாத்தறதுன்னா கவை, மேல பெடல்ல இருக்கற சிலிண்டர், பிளேட்டு, அல்லாமே பழைய மாடல் செட்டாப் போடோணும். அளவு மாறுனா மிதி சரியா வராது. உள் சிலிண்டரே நல்லதாப் போட்டா அதே போதுமுங்கண்ணா" என்றார்.

எது நல்லது என்பது அன்று என் கேள்வியாக இல்லை. எனக்காகச் சாட்சி சொல்வது எது என்பதுதான் கேள்வி. வெளியே இருந்தால், போனது எதனால் என்று ஊரே பார்க்கும்.

இருந்தாலும் சாமியிடம் கேட்காமல் எதுவும் செய்கிறவன் இல்லை நான். வெள்ளைப் பூ வந்தால் வெளி சிலிண்டர், சிவப்பு வந்தால் உள் சிலிண்டர் என்று மனதில் வைத்து, இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரியிடம் ஒன்றை எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் சிவப்பு. பூசாரி என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை வெள்ளை வந்ததும் உண்டியலில் காசு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கியர்பாக்ஸை இறக்கிய அன்று பாய் போன் செய்தார். பட்டறைக்குப் போனதும் கிளட்ச் பிளேட்டை என் கையில் கொடுத்தார்.

"தேயவே இல்லீங்க. காலை வெச்சுட்டு ஓட்டுன வண்டி இது இல்லவே இல்ல."

அந்தப் பிளேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தடவை கியர்பாக்ஸை இறக்கியும் இதைப் பார்க்காதவனா என் காலைப் பேசினான்!

பாய் இன்னும் முடிக்கவில்லை. சிலிண்டர் ரப்பரைக் காட்டினார். ஊறப் போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. கிளட்ச் ஆயில் டப்பாவில் இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினார். அடியில் ஒன்று, மேலே ஒன்று, கலக்காமல் இரண்டாக நின்றது.

"கீழ இருக்கறது பிரேக் ஆயில். அதான் ஊத்தோணும். மேல நிக்கறது தையல் மெஷினுக்கு உடற வெள்ளை எண்ணெய். இது பட்டா ரப்பர் உப்பிப் போயிருமுங்க. யாரு ஊத்துனது?"

"மச்சினன் பட்டறையில ஊத்தியிருப்பான்."

"மெக்கானிக்கு இத ஊத்தமாட்டாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அமாவாசைக்கு அமாவாசை மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைத்துப் பூசை போடுவேன். வண்டியும் சோறு போடுகிற மெஷின்தானே என்று, கிளட்ச் டப்பாவில் ஆயில் அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிற அன்று அதே எண்ணெயில் நாலு சொட்டு விடுவேன். பக்தியாகத்தான் விட்டேன். உள் சிலிண்டரில் ஒரு குற்றமும் இல்லை என்று சாமி இரண்டு தடவை சொன்னது அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் வெளி சிலிண்டரையே போடச் சொன்னேன். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அந்தப் பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மதியப் பந்தியில் மச்சினன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எதிரே சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க மாமா இது, சாப்படற எடத்துல?"

"என்ற வண்டிக் கிளட்சு பிளேட்டு. என்ற காலு தேச்ச எடம் எங்கன்னு வெரல் வெச்சுக் காட்டு மாப்ள."

கையைத் துடைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொழிலில் பொய் சொல்லமாட்டான். அது எனக்குத் தெரியும்.

"தேயலீங்க."

"அன்னைக்கு ரோட்டுல சொன்ன சத்தத்துல சொல்லு."

"மாமா காலு மேல தப்பில்லீங்க!"

பந்தியே திரும்பியது. சம்பந்தி சிரிக்கவில்லை. நான் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

"அப்பறம் எதுனாலதானுங்க போச்சு?" என்றான் மெதுவாக.

அந்த உப்பிய ரப்பர் என் சட்டைப் பையில், திருநீற்றுப் பொட்டலத்தோடு இருந்தது. கை அதுவரைக்கும் போய்த் திரும்பியது.

"கண்டுபுடி. நீதான மெக்கானிக்கு?"

இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். ரப்பர் எங்கள் வீட்டுச் சாமி அறையில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கிறது. தினமும் கும்பிடும்போது கண்ணில் படுகிறது. சாமி ஒன்றும் கேட்பதில்லை. இதை அவன் படித்தால் தெரிந்துகொள்வான். தெரியட்டும். கை செய்த தப்புக்குக் காலைப் பழித்தான். அதற்கு அவன் இத்தனை நாள் தவித்தது போதாது.